பெயர் கட்டாயம்

பிரானூர் பார்டரில் இறங்கினால்
பார்டர் இல்லை.
பரோட்டாக் கல், மரஅறுவை மில், காற்றில் தேக்குத் தூள்.
எல்லை ஐம்பத்தாறிலேயே மூட்டை கட்டிக்கொண்டு
புளியரைக்கு மேலே ஏறிவிட்டது.
பேரை மட்டும் கண்டக்டர்களிடம் விட்டுப் போயிருக்கிறது.
மீராள் சொல்வாள்:
பக்கத்தை இடம் மாற்றினாலும் பழைய முகவரி சாகக் கூடாது,
தேடி வருகிறவர்களைப் புது இடத்துக்கு
அனுப்பிக்கொண்டே இருக்கணும்.
இந்த பஸ் நிறுத்தம் அதைத்தான் செய்கிறது,
சம்பளமில்லாமல்.

மில்லுக்கு மாடியில் எங்கள் அறை.
இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர்,
திருவிதாங்கூர்ச் சுங்கச் சாவடியின் கணக்கேடுகள் பதினொன்று.
யார் போனார், எதைச் சுமந்தார், எவ்வளவு கட்டினார்.
எழுதிய கை தமிழில் தொடங்குகிறது,
பாதியில் மலையாளத்தில் இறங்குகிறது,
மழைக்காலத்தில் எந்த மொழியிலும் இல்லை.

முதல் நாளே தகராறு.
ஏட்டில் 1067 ஆடி 14.
கொல்லம் ஆண்டு. கணினிக்கு அது தெரியவில்லை,
பாக்குச் சுமைக்காரியைத் தூக்கிக்கொண்டு போய்
சோழர் காலத்தில் இறக்கிவிட்டது.
எண்ணூற்று இருபத்தைந்து வருஷம்
அவளைத் திருப்பிக் கூட்டி வர
மீராளுக்கு ஒரு பகலும் நாலு டீயும் ஆயிற்று.

அடுத்தது பெயர்.
படிவத்தில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம்:
கட்டாயம். நிரப்பாமல் நகராது.
ஏட்டில் இருப்பதோ
ஒருத்தி. பாக்கு, தலைச்சுமை ஒன்று.
ஒருத்தி. மேற்படி.
ஒருத்தி, கைக்குழந்தையோடு. மேற்படி.
குழந்தையும் மேற்படியா என்று கேட்டேன்.
மீராள் சிரிக்கவில்லை.

‘பெயர் தெரியவில்லை’ என்று போடலாமே.
தெரியாததும் கேட்காததும்
ஒரே கட்டமா என்றாள்.
சாரல் ஜன்னல் வழியாக விசைப்பலகையில் விழுந்தது.
நான் துடைத்து முடிப்பதற்குள்
நட்சத்திரத்தை எடுத்துவிட்டாள், ஒரே வரி நிரல்.
பச்சைப் பொத்தான் பேசாமல் வழிவிட்டது.
அந்தச் சாவடியில் எந்தச் சிப்பாயும்
அப்படி விட்டிருக்க மாட்டான்.

சசாங்கன் புனலூரில் சரித்திரம் நடத்துகிறார்.
பார்வை இல்லை. போன் வாசிக்கும், கேட்பார்.
சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தோம்.
அரை மணியில் கூப்பிட்டார்.
“படம், படம், படம்னு பறயுது.
வேற ஒண்ணும் பறயல.”

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கைநாட்டு.
எவ்வளவு அழகு என்று
சுற்றிலும் வெள்ளை விட்டுப் பெரிதாக வைத்திருந்தோம்.
அந்த வெள்ளைக்கு நான் இரண்டு வாரம் செலவழித்தேன்.

அன்று ராத்திரி முழுக்க ரேகை ரேகையாக எழுதினோம்.
பெருவிரல். மை கூடுதல்.
பெருவிரல். பாதிதான், ஏடு இழுபட்டிருக்கிறது.
பெருவிரல். நடுவே குறுக்காக வெட்டு, பாக்குவெட்டியாக இருக்கலாம்.
“‘இருக்கலாம்’ ஏட்டில் இல்லை, அது நீ.”
அழித்தேன்.
வெட்டு மட்டும் நின்றது.
விடியற்காலம் மில் சங்கு ஊதியபோது
எதை எங்கே எழுதினோம் என்று இருவருக்குமே நினைவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி புனலூர் அழைப்பு.
தேடும் பெட்டியில் ‘வெட்டு’ என்று சொல்லிப் பார்த்தாராம்.
ஏழு.
ஏழு ஏட்டுப் பக்கம், ஏழு ஒருத்தி,
ஒரே விரல்.

ஸ்கேனரை நிறுத்திவிட்டு வரிசையாகத் திறந்தோம்.
பக்கங்கள் மெதுவாக, மேலிருந்து கீழாக வந்தன,
மலையிறங்குவது போல.
முதலாவது 1067 ஆடி, கைக்குழந்தையோடு.
அடுத்த இரண்டிலும் குழந்தை.
நாலாவது ஈரம் பட்டு ஊறியிருக்கிறது.
ஏழாவது 1070 தை. ஒருத்தி. சுமை ஒன்று. தனியே.
திரும்பி வருகிறவர்களின் ஏடு
எங்களிடம் இல்லை.

பிள்ளை நடக்கிற வயசுக்கு வந்திருக்கும்,
வீட்டில் விட்டு வந்திருப்பாள் என்று
குறிப்புக் கட்டத்தில் அடிக்கத் தொடங்கினேன்.
மீராள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.